டிசைன் படிக்கிறவர்களுக்கு தினமும் ஸ்கெட்ச்: மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து டிசைனும் கட்டடக்கலையும் படிக்கப் போனவர்களும் போகப் போகிறவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவதை விட எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன். ஓவியராக வர ஆசைப்படுகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. ஒரு பொருளையோ கட்டடத்தையோ யோசிப்பதற்காகக் கோடு போடுகிறவர்களுக்கான பக்கம் இது.

எனக்குச் சித்திரமே வராது. டிசைன் படிக்கலாமா?

தாராளமாக. சாதாரண தரத்தில் சித்திரத்தை விட்டுவிட்டுச் சங்கீதமோ நடனமோ எடுத்தவர்கள் டிசைனில் நன்றாக வந்திருக்கிறார்கள். கையெழுத்து கோணலாக இருக்கிறது என்பதற்காக யாரும் கடிதம் எழுதாமல் இருப்பதில்லையே. ஸ்கெட்ச்சும் அப்படித்தான், வாசிக்க முடிந்தால் போதும். பொருளின் அளவு விகிதம் சரியாக இருக்க வேண்டும். எந்தப் பகுதி எதோடு எப்படிச் சேர்கிறது என்று தெரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் உங்களிடம் கேட்காமலே படத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சித்திரத்தில் 'ஏ' எடுத்த பிள்ளைகள்தான் முதல் வருஷத்தில் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். ஒரு படத்தை மூன்று நாள் வைத்து மெருகேற்றிப் பழகியவர்களுக்கு, ஒரு மணித்தியாலத்தில் பத்து யோசனைகளை வரைந்து ஒன்பதைத் தள்ளிவிடு என்றால் கை வராது. தாள் பாழாகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் இல்லாதவருக்கு அந்த அளவில் லாபம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வரைய வேண்டும்?

இருபது நிமிஷம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று மணித்தியாலம் வரைவதை விட இது பயன் தரும். கை பழகுவது ஒரு காரணம்தான். பெரிய காரணம் கண். நேற்று வரைந்த கதவுக் கொண்டி இன்று காலையில் எதிரே வரும்போது, 'அட, ஆணி இரண்டு பக்கமும் இருக்கே, நான் ஒரு பக்கம்தானே போட்டேன்' என்று தோன்றும். ஒரு வாரம் இடைவெளி விட்டால் அது தோன்றாது.

நேரத்தை ஏற்கனவே இருக்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். பஸ் வரும் வரை, பிளேன்டீ ஆறும் வரை, அல்லது மின்சாரம் போய்த் திரும்பும் வரை. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வரைந்து ஈடுகட்ட வேண்டாம். அது சீக்கிரமே தண்டனையாகிவிடும், அப்புறம் கொப்பியைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அந்த இருபது நிமிஷத்தில் முதல் சில நிமிஷங்கள் நேர்கோடு, நீள்வட்டம் என்று கையைச் சூடாக்குங்கள். நடுவில் ஒரே ஒரு பொருள். கடைசியில் படத்தின் ஓரத்தில் குறிப்பு: என்ன பொருளால் ஆனது, எத்தனை அங்குலம், எங்கே தேய்ந்திருக்கிறது. குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள், யோசனை ஓடுகிற மொழியில் எழுதுவதுதான் வேகம்.

என்ன கொப்பி, என்ன பென்சில் வாங்குவது?

கொழும்பில் விற்கிற விலைகூடிய ஸ்கெட்ச் புத்தகம் முதலில் வேண்டாம். விலை கூடினால் கை நடுங்கும். போட்டோ கொப்பி எடுக்கும் ஏ4 தாளை இரண்டாக மடித்து நடுவில் தைத்துக்கொண்டால் போதும். கோடு போட்ட சி.ஆர். கொப்பியிலும் வரையலாம், கோடுகள் குறுக்கே வந்தாலும் ஒன்றும் கெட்டுப் போகாது. பெரிதாக வரைய வேண்டிய நாளில் டிமை தாள் ஒன்று வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளலாம்.

பென்சிலில் எச்.பி.யும் 2பி.யும் போதும். பென்சிலின் உள்ளே இருப்பது காரீயமும் (கிராபைட்) களிமண்ணும். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை, கறுப்பும் கூடும். இந்தக் கலவை முறைக்கு பிரான்சில் கொந்தே என்பவர் 1795இல் காப்புரிமை பெற்றார். காரீயம் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. கேகாலைப் பக்கம் போகலையிலும் குருநாகல் பக்கம் கஹடகஹவிலும் பூமிக்கடியில் பாளம் பாளமாகக் கிடைக்கிற இலங்கைக் காரீயம் அதன் தூய்மைக்கே பெயர்பெற்றது.

நம் பக்கத்துத் தனிப் பிரச்சினை ஈரம். மழை மாதங்களில் தாள் ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் கடினமான எச் பென்சிலால் அழுத்தினால் தாள் கிழியாவிட்டாலும் பள்ளம் விழும், அதை எந்த அழிறப்பராலும் எடுக்க முடியாது. மென்மையான பென்சிலை எடுத்து லேசாக வரைவதே வழி.

பென்சிலா, பேனையா?

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது சாதாரண போல்பொயின்ட் பேனை. எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். அதன் மை எண்ணெய் சேர்ந்தது என்பதால் தூறல் பட்டாலும் கரைந்து ஓடாது. ஜெல் பேனை பல ஓடிவிடும். லேசாகத் தொட்டால் சாம்பல் நிறக் கோடு, அழுத்தினால் கறுப்பு, பென்சிலைப் போலவே இரண்டும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழிக்க முடியாது. அழிக்க முடியாது என்று தெரிந்தால் கண் முதலில் பார்க்கும், கை பிறகு போகும். தவறிய கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். இரண்டும் இருக்கட்டும். பிறகு பார்க்கும்போது எங்கே தவறுகிறீர்கள் என்று அந்த இரட்டைக் கோடுகளே காட்டும்.

நேர்கோடு போட்டால் கோடு நடுங்குகிறது. அடிமட்டம் வைக்கலாமா?

வைக்காதீர்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் கோடு வளையும், தோளிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும். தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் வைத்து, பேனை தாளில் படாமல் இரண்டு மூன்று தரம் அந்த வழியே ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரே இழுப்பு. கண் பேனை முனையில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். கோடு கொஞ்சம் தவறிய இடத்தில் முடிந்தாலும் நேராக இருந்தால் போதும். மயிர் மயிராகச் சின்னக் கோடுகளை ஒட்டி ஒரு கோடாக்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது, அதை முதல் மாதத்திலேயே விட்டுவிடுங்கள்.

தோட்டத்தில், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்துகொண்டு வரைய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கொழும்பில் இருக்கிற பிள்ளை கதிரையையும் லாம்பையும்தான் வரைகிறது. உங்களைச் சுற்றிக் கையால் செய்த, பழுது பார்த்த, மாற்றி அமைத்த பொருட்கள் நிறைந்து கிடக்கின்றன. பீலிக்கரைக்குப் போங்கள். குழாய் கல் கட்டிலிருந்து எப்படி வெளியே வருகிறது, தண்ணீர் விழும் இடத்தில் கல்லை எப்படிப் பதித்திருக்கிறார்கள், குடம் வைக்க யார் எப்போது ஒரு மேடை கட்டினார்கள் என்று பார்த்து வரையுங்கள். தகரக் கூரை மரத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறது? காற்றுக்குப் பறக்காமல் மேலே கல்லோ டயரோ வைத்திருக்கிறார்களா? அதுவும் ஒரு வடிவமைப்புத் தீர்மானம்தான்.

கொழுந்துக் கூடையை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய பிரம்புக் கூடை ஒன்று எங்காவது கிடக்கும். முதலில் முழு உருவம்: வாய் அகலம், அடி ஒடுக்கம். ஏன் வாய் அகலம்? இரண்டு கையும் கொழுந்து பறிக்கும்போது, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் போடுகிறார்கள். வாய் சின்னதாக இருந்தால் பாதி வெளியே போய்விடும். அடுத்து கயிறு. அது தலைமேல் மடித்த துணியில் அழுந்துகிறது, பாரம் கழுத்து வழியாக முதுகெலும்புக்கு இறங்குகிறது. அந்தப் பாரத்தின் வழியை ஓர் அம்புக்குறியால் போட்டுப் பாருங்கள். அம்பு போட்டவுடனே வலி எங்கே இருக்கும் என்று தெரியும். உங்கள் அம்மாவோ பாட்டியோ கை வைத்து அமுக்கிக்கொள்ளும் இடம் அதுதான்.

இப்போது பக்கத்தில், பிரம்புக் கூடைக்குப் பதிலாக வந்த நைலோன் பையை வரையுங்கள். பாரம் குறைவு, விலை குறைவு, மடித்து வைக்கலாம். ஆனால் வாய் தானாக விரிந்து நிற்காது. பின்னலில் இருந்த காற்றோட்டமும் குறைவு. கொழுந்தை அடைத்து அமுக்கினால் சூடேறிக் கன்றிப் போகும், ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) வரும்போதே தரம் இறங்கிவிடும். இரண்டு படத்தையும் ஒரே பக்கத்தில் வைத்தால், மூன்றாவதாக ஒன்று எப்படி இருக்கலாம் என்று கை தானாக வரைய ஆரம்பிக்கும். டிசைன் வேலை தொடங்குவது அங்கேதான். இரண்டையும் தூக்கிப் பார்த்தவர், அல்லது தூக்கியவரைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்த மூன்றாவது படத்தை வரைய உங்களுக்கு இருக்கும் தகுதி, பாடத்துக்காக ஒரு நாள் தோட்டம் பார்க்க வரும் மாணவருக்கு இல்லை.

அசையும் பொருள் என்றால் ஒரே படம் போதாது. கதவுக் கொண்டியை மூடியபடி, பாதி திறந்தபடி, முழுக்கத் திறந்தபடி என்று வரிசையாக மூன்று சின்னப் படம் போடுங்கள். விரல் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதையும் சேர்த்து வரையுங்கள்.

கோப்பை, குடம், வாளி எல்லாம் கோணலாக வருகிறது. ஏன்?

நீள்வட்டம்தான் காரணம். தேத்தண்ணிக் கோப்பையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள், வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்க இறக்க அது திறந்து வட்டத்தை நோக்கிப் போகும். அதனால் மேசையில் இருக்கிற கோப்பையின் அடி, அதன் வாயை விட உருண்டையாக வளைய வேண்டும். நாம் எல்லோரும் அடியைத் தட்டையாகப் போடுகிறோம், மேசை தட்டை என்று மூளைக்குத் தெரிந்திருப்பதால். நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களும் கூராக முடியக் கூடாது, எவ்வளவு ஒடுங்கினாலும் அங்கே ஒரு வளைவு உண்டு.

சக்கரம், உருளை என்று அச்சில் சுழலும் பொருளுக்கு ஒரு விதி இருக்கிறது: நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, சக்கரத்தின் அச்சாணி போகும் திசையிலேயே இருக்க வேண்டும். ஓட்டோவின் சில்லு ஒன்றை இந்த விதியோடும் விதி இல்லாமலும் வரைந்து பாருங்கள், வித்தியாசம் உடனே கண்ணில் படும். தேயிலை ஸ்டோருக்குள் போக அனுமதி கிடைத்தால் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினை வரையுங்கள். வட்ட மேசை, அதன் மேல் வட்டப் பெட்டி, அதை இழுக்கும் வளைந்த கைகள். நீள்வட்டப் பயிற்சிக்கு அதை விட நல்ல பாடம் கிடைக்காது.

பெர்ஸ்பெக்டிவ் பாடத்தில் தொடுவானக் கோடு போடச் சொல்கிறார்கள். மலையில் தொடுவானம் எங்கே?

நல்ல கேள்வி. இத்தாலியில் அல்பெர்ட்டி 1435இல் பெர்ஸ்பெக்டிவை, அதாவது தூரத்தைத் தட்டைத் தாளில் காட்டும் முறையை, விளக்கி எழுதியபோது எடுத்துக்கொண்டது சதுரங்களாகப் பிரித்த சமதளத் தரை. பாடப்புத்தகங்கள் இன்றும் அந்தத் தரையில்தான் நிற்கின்றன. நம்மூரில் கிரிக்கெட் விளையாடக்கூடச் சமதளம் தேட வேண்டியிருக்கிறது.

மலை உச்சி வானத்தைத் தொடும் கோடு தொடுவானக் கோடு அல்ல. பெர்ஸ்பெக்டிவில் அந்தக் கோடு என்பது உங்கள் கண் மட்டம், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பாதி தண்ணீர் உள்ள தெளிவான போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு ஒரே கோடாகத் தெரியும் வரை ஏற்றி இறக்குங்கள். அந்தக் கோட்டுக்கு நேரே எதிர் மலையில் எது தெரிகிறதோ, அது உங்கள் கண் மட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் நினைத்ததை விடக் கீழே இருக்கும்.

சரி, இப்போது லயம். வெட்டிச் சமப்படுத்திய தரையில் ஒரே கூரையின் கீழ் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் நீளக் கட்டடம், ஒற்றை மறைபுள்ளிப் பயிற்சிக்கென்றே கட்டியது போல. கூரை விளிம்பு, இஸ்தோப்பு (முன் திண்ணை) விளிம்பு எல்லாம் கண் மட்டத்தில் உள்ள ஒரே புள்ளிக்கு ஓடும். கதவுகளின் இடைவெளி தூரம் போகப் போகக் குறைய வேண்டும், எவ்வளவு குறைய வேண்டும் என்பதில்தான் எல்லோரும் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள். அதற்குக் கணக்கு இருக்கிறது. முதல் காம்பராவின் முன்சுவரை ஒரு பெட்டியாக வரையுங்கள். அதன் கிட்ட உள்ள மேல் மூலையிலிருந்து, தூரத்து நிலைக்குத்துக் கோட்டின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு இழுங்கள். அது தரைக்கோட்டை வெட்டும் இடத்தில் இரண்டாவது காம்பரா முடிகிறது. அங்கே ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டு, மூன்றாவதுக்கும் அதையே செய்யுங்கள். கடைசிக் காம்பரா வரை போய்விடலாம்.

ஏற்றப் பாதையும் இறக்கப் பாதையும் வேறு கதை. உங்களிடமிருந்து மேலேறிப் போகும் ரோட்டின் இரு ஓரங்களும் கண் மட்டத்துக்கு மேலே ஒரு புள்ளியில் சேரும், இறங்கிப் போகும் ரோடு கண் மட்டத்துக்குக் கீழே சேரும். ஆனால் அதே ரோட்டோரம் நிற்கிற கடைகளின் கூரையும் ஜன்னலும் கண் மட்டத்துக்கே போகும், ஏனென்றால் ரோடு சரிந்தாலும் கடையின் தளம் சரிவதில்லை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால்தான் படத்தில் ஹட்டன் டவுன் கட்டடங்கள் எல்லாம் விழப் போகிற மாதிரித் தெரியும்.

தேயிலை மலையைப் பார்க்கும்போது செடிகளை ஒவ்வொன்றாக வரையாதீர்கள். சரிவைச் சுற்றி வளைந்து போகும் கான்களையும் (வடிகால்) செடி வரிசைகளையும் நடைபாதையையும் மட்டும் கோடாக எடுங்கள். மலை எங்கே புடைக்கிறது, எங்கே குழிகிறது என்று அந்த ஐந்தாறு வளைகோடுகளே சொல்லிவிடும். வளைந்த எந்தப் பரப்புக்கும், அது கார் பொனட்டாக இருந்தாலும் கதிரையின் முதுகாக இருந்தாலும், உருவம் காட்டுவது இதே முறையில்தான்.

வெட்டுமுகம் வரையச் சொல்கிறார்கள். ஸ்கெட்ச் கொப்பியில் அது எதற்கு?

மலையகப் பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம் என்பேன். ஒரு சரிவைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ரோடு, அதன் கீழே கல் கட்டு, அப்புறம் கான், வீட்டின் பின்சுவர், கூரை, இஸ்தோப்பு, முன்னால் மரக்கறிப் பாத்தி, மறுபடி கட்டு. இதில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அம்பு நேராகப் பின்சுவரில் போய் நிற்கும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடிய பிறகு, சரிவில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பேசுவதற்கு முன் அந்தச் சரிவை வரையத் தெரிந்திருந்தால் பேச்சுக்குப் பலம் கூடும்.

இந்த விஷயத்தில் மினட் டி சில்வாவைத் தேடிப் படியுங்கள். 1918இல் கண்டியில் பிறந்தவர், இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். கண்டியில் 1951 அளவில் முடிந்த கருணாரத்ன வீட்டைச் சரிவை மட்டமாக்காமல் அதன் படியிலேயே அமைத்தார். வட்டப்புளுவ வீட்டுத் திட்டத்தில், குடிவரப் போகிறவர்களிடம் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டறிந்துதான் வீடுகளைத் திட்டமிட்டார். தோட்டப்புற வீட்டுத் திட்டங்களைப் பற்றி யோசிக்கிற எவரும் இந்த இரண்டாவதை ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும்.

ஆட்களை வரையலாமா? கோபித்துக்கொள்வார்களே?

கேட்டுவிட்டு வரையுங்கள். "அக்கா, ஒரு படம் வரையட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். முடிந்ததும் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது ஆட்கள் நிற்கும் விதம் வரைய அருமையானது, ஆனால் அது அவர்களுடைய கூலியைத் தீர்மானிக்கும் நேரம். ஒதுங்கி நின்று பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள்: தேயிலைப் பெட்டியில் அச்சடிக்கிற சிரித்த முகக் கொழுந்துப் பெண் இனியும் வேண்டாம். அந்தப் படம் போதுமான அளவு வந்துவிட்டது. நீங்கள் அந்த மலையில் ஏறி இறங்கியவர்கள். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பில் கட்டும் படங்கு எப்படி முடிச்சிட்டிருக்கிறது, மழைக்குப் போட்ட பொலித்தீன் எங்கே கிழிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதை வரையுங்கள்.

செய்முறை சுலபம். அரை நிமிஷத்துக்கு ஒரு உருவம். முதலில் முதுகெலும்பின் வளைவு, பிறகு தோளின் சரிவு, இடுப்பின் சரிவு, பாரம் இறங்கும் கால். சரிவில் நிற்கிறவருக்கு ஒரு முழங்கால் எப்போதும் மடங்கியிருக்கும். முகத்தைத் தொடவே வேண்டாம்.

மழையும் பனிமூட்டமும் வந்தால்?

வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. மழை விடட்டும் என்று இருந்தால் கொப்பி வெறுமையாகத்தான் இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொட்டும்போது ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். மழைநாளில் வீட்டுக்குள் வரையுங்கள்: அடுப்படி, ஜன்னல் சட்டம், காயப்போட்ட சப்பாத்து. பனிமூட்டம் வந்தால் வெளியே போங்கள். கிட்டத்து மரம் கறுப்பு, அடுத்த மேடு சாம்பல், அதற்கப்பால் தாளின் வெள்ளைக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றே தொனியில் தூரம் வந்துவிடும். வெயில் நாளில் கண்ணைக் குழப்பும் விவரங்களைப் பனியே துடைத்துத் தருகிறது.

போனில் படம் எடுத்துப் பார்த்து வரையலாமா? டேப்லட்?

போன் கெமரா அகலமாகப் பார்க்கும். கிட்ட இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தைச் சுருக்கிவிடும். முதலில் நேரில் வரைந்துவிட்டு, பிறகு போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள், அதில் தப்பே இல்லை. இன்டர்நெட்டில் அழகான மார்க்கர் ஸ்கெட்ச்களைப் பார்த்து அப்படியே வரைந்தால் ஸ்டைல் வரும், பொருள் வராது. ஏஐ படமும் அந்த வகைதான். ஆசிரியர்கள் உங்கள் வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஜூரியில் 'இந்த மூடி எப்படிக் கழலும்?' என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். டேப்லட் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நாள் கண்டிக்குப் போனால் எங்கே உட்கார்ந்து வரையலாம்?

என் தெரிவு எம்பெக்கே தேவாலயம் என்ற பழைய கோயில். கம்பளை இராச்சியக் காலத்தது, 14ஆம் நூற்றாண்டு. எல்லோரும் மரத் தூண்களின் செதுக்கலைத்தான் வரைகிறார்கள். அதையும் வரையுங்கள், ஆனால் மேளமண்டபத்தில் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். 26 கைமரங்கள் ஓரிடத்தில் வந்து குவிய, ஒரே ஒரு பெரிய மர ஆணி அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மடோல் குருப்பாவ என்று பெயர். அந்த ஒரு மூட்டுக்கு முழுக் காலையும் போகும். கழுத்து வலிக்கும். ஹந்தானைத் தேயிலை அரும்பொருட்காட்சியகமும் நல்லது, பழைய ஸ்டோர் மெஷின்கள் அசையாமல் நிற்கின்றன, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பல்கலைக்கழகம் போக வரைதல் பரீட்சை இருக்கிறதா?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, டிசைன் பட்டங்களுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அங்கே கற்பித்தல் ஆங்கில மொழியில். தமிழில் காட்சிக்கலை படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. தகைமை விபரம் மாறக்கூடியது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த ஆண்டுக் கைநூலைப் பாருங்கள். இதற்கென்று கடைசி மாதம் கிளாஸ் போய் நான்கு படம் பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருஷம் தினமும் வரைந்த கை எந்தக் கேள்விக்கும் ஏதாவது செய்யும்.

வீட்டில் 'படம் கீறினால் சோறு கிடைக்குமா?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். இலங்கையின் ஏற்றுமதிப் பொருட்களில் முதலிடம் ஆடைகளுக்கு, அதில் டிசைனருக்கு வேலை இருக்கிறது, தளபாடத்திலும் பொதி வடிவமைப்பிலும் இருக்கிறது என்றெல்லாம் சொல்லலாம். அதை விட, அடுப்படியில் அம்மாவுக்குச் சட்டி அடுக்கத் தேவையான ஒரு தட்டை (ஷெல்ப்) வரையுங்கள். எத்தனை சட்டி, எவ்வளவு உயரம், அம்மாவின் கை எட்டுமா என்று அளந்து, அளவுகளோடு வரைந்து மரவேலை பாஸிடம் கொடுங்கள். அவர் போன் எடுத்து எதுவும் கேட்காமல் அதைச் செய்துவிட்டால் உங்கள் ஸ்கெட்ச் தேறிவிட்டது. கேட்டால், எந்த இடத்தில் கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படத்தில் அந்த மூட்டைப் பெரிதாக வரைய வேண்டும்.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரியும்?

தினமும் பார்த்தால் தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவை அதே பொருளை, அதே இடத்தில் வைத்து வரையுங்கள். கோடு அழகானதா என்று பார்க்காதீர்கள், முன்பு கண்ணில் படாத எதுவாவது இப்போது படத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாதம் ஒன்றும் வராது, அது வழமைதான்.

முடிந்த கொப்பிகளை என்ன செய்வது? பூஞ்சணம் பிடிக்கிறதே.

வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஈரம் அங்கிருந்துதான் ஏறும். ஈரமான கொப்பியைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். அடுப்புச் சூடு லேசாக எட்டும் அறையில் அலுமாரி மேல்தட்டு நல்லது. வெயில் அடிக்கும் நாளில் விரித்துக் காயவிடுங்கள். பென்சில் பக்கங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து மங்கும், நடுவே ஒரு வெற்றுத் தாள் வையுங்கள். முதுகில் ஆண்டையும் மாதத்தையும் எழுதுங்கள். யாராவது மாதிரிக்கு இரவல் கேட்டால் புதியதைக் கொடுங்கள், பழையதைக் கொடுக்காதீர்கள். நேர்முகத்தில் முடித்த படங்களைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கொப்பியைக் கேட்டுப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.